லாமார்க்கியம்

லாமார்க்கியம் என்பது, ஓர் உயிரி தன் வாழ்நாளில் ஈட்டிக்கொள்ளும் உடல் மாற்றங்கள் அதன் குட்டிகளுக்கும் செல்லும் என்றும், அவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சேரும் மாற்றங்களால் புதிய இனங்கள் உருவாகின்றன என்றும் கூறும் பரிணாமக் கோட்பாடு ஆகும். பிரெஞ்சு இயற்கையியலாளர் ஜீன் பாப்டிஸ்ட் லாமார்க் இதனை 1809 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விலங்கியல் தத்துவம்’ என்னும் நூலில் விரிவாக எழுதினார். சார்லஸ் டார்வின் பிறந்ததும் அதே ஆண்டில்தான். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1859இல்.

இன்றைய மரபியல் லாமார்க்கின் விளக்கத்தை ஏற்பதில்லை. பள்ளிப் பாடநூல்களில் அது ‘பெறப்பட்ட பண்புகள் மரபுக் கடத்தல் கோட்பாடு’ என்ற பெயரில், டார்வினுக்கு முன்னுரையாக ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் நம் அன்றாடப் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது. ‘கொசு மருந்துக்குப் பழகிவிட்டது’, ‘புழு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லும்போது நாம் அறியாமலேயே லாமார்க்கின் மொழியைப் பேசுகிறோம். பருத்தி வயலில் இந்தத் தவற்றுக்கு விலை உண்டு. இக்கட்டுரை லாமார்க்கின் கருத்தையும் அதன் மறுப்பையும், இயன்றவரை விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டார எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குகிறது. ஒட்டகச்சிவிங்கியை நேரில் பார்த்திராத மாணவருக்கு மலை அணிலும் நாயும் பருத்திப் புழுவும் பக்கத்திலேயே இருக்கின்றன.

லாமார்க்

லாமார்க் 1744 ஆகஸ்ட் 1 அன்று வடக்குப் பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில், வசதி குன்றிய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதினேழு வயதில் படையில் சேர்ந்தார். போரில் பிழைத்தவருக்குப் பின்னர் விளையாட்டில் கழுத்தில் காயம் ஏற்பட்டது; அதனால் படையை விட்டு விலக நேர்ந்தது. பிறகு தாவரவியலில் ஈடுபட்டு, 1778இல் பிரான்சின் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதிப் புகழ் பெற்றார்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793இல் பாரிசின் அரச தோட்டம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அங்கே தாவரவியலாளரான அவருக்குக் கிடைத்தது ‘பூச்சிகள், புழுக்கள்’ பேராசிரியர் பதவி. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. யாரும் விரும்பாத அந்தத் துறையை அவர் ஒழுங்குபடுத்தினார். ‘முதுகெலும்பற்றவை’ என்ற வகைப்பெயரை உருவாக்கியவர் அவரே. ‘உயிரியல்’ என்னும் பொருள்படும் ‘பயாலஜி’ என்ற சொல்லை 1802இல் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவரும் அவர்தான். சிப்பி, நத்தை ஓடுகளில் இன்றுள்ளவற்றையும் புதைபடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அனுபவமே, இனங்கள் நிலையானவை அல்ல என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுசென்றது எனலாம். இனங்கள் மாறுகின்றன என்ற கருத்தை 1800 ஆம் ஆண்டு விரிவுரையிலேயே அவர் வெளியிட்டுவிட்டார்.

முதுமையில் பார்வையை முற்றிலும் இழந்தார். கடைசி நூல்களின் பகுதிகளை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினார். 1829 டிசம்பர் 18 அன்று வறுமையில் இறந்தார். வாடகைக் குழியில் அடக்கம் செய்யப்பட்டதால் அவருடைய எலும்புகள் எங்கே என்பது இன்று தெரியாது. அவருடைய எதிர்ப்பாளரான ஜார்ஜ் கூவியே எழுதிய இரங்கலுரை அவரைப் பாராட்டியதைவிடக் கேலி செய்ததே மிகுதி. விலங்கு ‘விரும்பியதால்’ உறுப்பு வளர்ந்தது என்று லாமார்க் சொன்னதாகப் பரவிய தவறான கருத்துக்கு அந்த உரையும் ஒரு காரணம். அவர் எழுதியது ‘தேவை’ பற்றி. விருப்பம் பற்றி அல்ல.

கோட்பாடு சொல்வது

லாமார்க்கின் கருத்தில் இரண்டு இழைகள் உள்ளன. உயிர்கள் தாமாகவே எளிய நிலையிலிருந்து சிக்கலான நிலைக்கு ஏறிச்செல்லும் உள்ளியல்பு கொண்டவை என்பது முதலாவது. மிக எளிய உயிர்கள் இன்றும் உயிரற்ற பொருளிலிருந்து தோன்றிக்கொண்டிருக்கின்றன என்றும் அவர் நம்பினார். இந்த இழையை இன்று பெரும்பாலோர் மறந்துவிட்டனர். மறந்ததில் இழப்பும் இல்லை.

நிலைத்து நின்றது இரண்டாவது இழைதான். சூழல் மாறுகிறது, சூழல் மாறினால் தேவை மாறுகிறது, தேவை மாறினால் பழக்கம் மாறுகிறது, பழக்கம் மாறினால் சில உறுப்புகள் அதிகம் பயன்படுகின்றன, சில பயனற்றுப் போகின்றன. இதிலிருந்து அவர் இரண்டு விதிகளை வகுத்தார். வளர்ச்சி முடியாத விலங்கில், தொடர்ந்து பயன்படும் உறுப்பு வலுப்பெறும், பயன்படாத உறுப்பு நலிந்து மறையும் என்பது முதல் விதி. இவ்வாறு பெற்றதும் இழந்ததும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பது இரண்டாம் விதி. இரண்டாம் விதிக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த மாற்றம் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பெரும்பாலான பாடக்குறிப்புகள் இந்த நிபந்தனையை விட்டுவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே உள்ள காடுகள் 1988இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2021 முதல் அவை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. இந்த அணில் மரம் விட்டு மரம் தாவி வாழ்கிறது. தரையில் இறங்குவது அரிது. உடலுக்கு ஈடான நீளமுள்ள அதன் வால் தாவும்போது சமநிலைக்கு உதவுகிறது. அதன் முன்னோர்கள் கிளைக்குக் கிளை தாவ முயன்றதால் வால் சிறிது சிறிதாக நீண்டது, அந்த நீளம் குட்டிகளுக்கும் வந்தது என்று லாமார்க்கின் முறையில் சொல்லலாம். வால் நீளத்தில் அணில்களிடையே பிறவியிலேயே வேறுபாடு இருந்தது, தவறி விழாமல் பிழைத்தவை அதிகக் குட்டிகளை ஈன்றன என்பது டார்வினின் விளக்கம். முடிவு இரண்டிலும் ஒன்றே: நீண்ட வால். வந்த வழிதான் வேறு. முதல் விளக்கத்தில் ஒவ்வொரு தனி விலங்கும் மாறுகிறது. இரண்டாவதில் எந்தத் தனி விலங்கும் மாறவில்லை; கூட்டத்தில் யார் எஞ்சுகிறார்கள் என்பதே மாறுகிறது.

பாம்புக்குக் கால் இல்லாததையும் லாமார்க் இப்படியே விளக்கினார். புல்லிடுக்கிலும் சிறு சந்துகளிலும் ஊர்ந்து செல்லும் பழக்கத்தால் உடல் நீண்டது, பயன்படாத கால்கள் மறைந்தன என்றார். இதற்கு இன்று கிடைத்துள்ள விளக்கம் வேறு. கரு வளர்ச்சியின்போது கால் உருவாகத் தூண்டும் மரபணுவை இயக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டு பாம்புகளில் பழுதடைந்துள்ளது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், எலியின் அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பாம்பின் துண்டை வைத்தபோது, கால்கள் குறுகி வெறும் முனைகளாக நின்ற எலிகள் பிறந்தன.

காது குத்துவதும் எலி வாலும்

லாமார்க்கை மறுக்க வகுப்பறைகளில் சொல்லப்படும் முதல் சான்று ஆகஸ்ட் வைஸ்மனின் எலிச் சோதனை. செருமானிய உயிரியலாளரான அவர் 1880களின் இறுதியில் 68 வெள்ளெலிகளின் வால்களை வெட்டி, அவற்றின் குட்டிகளின் வால்களையும் வெட்டி, ஐந்து தலைமுறைகள் தொடர்ந்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலின்றியோ குறுகிய வாலுடனோ பிறக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சோதனை வெகுகாலமாக நடந்துவருகிறது. ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் காது குத்துகிறோம். ஆகவே தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. இருந்தும் ஓட்டையுடன் எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் தாய்மாமன் மடியில் புதிதாகத்தான் குத்த வேண்டியிருக்கிறது. தென்மாவட்டங்களில் பாட்டிமார் பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகச் சிறு வயதிலேயே காதில் குணுக்கு மாட்டித் தோள்வரை தொங்கும்படி வளர்த்தார்கள். அவர்களுடைய பேத்திகளின் காது மடல் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கிறது.

சான்று அழகானது. ஆனால் லாமார்க்குக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், இது அவருக்கு எதிரான சரியான சான்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பேசியது வெட்டுக்காயத்தைப் பற்றி அல்ல. விலங்கு தானே பயன்படுத்துவதால் வலுப்பெறும் உறுப்பைப் பற்றி. எலி தன் வாலைப் பயன்படுத்தாமல் விடவில்லை, வால் வெட்டப்பட்டது. காதும் அப்படியே. விபத்தில் வாலிழந்த பூனை வாலற்ற குட்டிகளை ஈன்றது என்பது போன்ற கதைகள் அக்காலத்தில் அறிவியல் கூட்டங்களிலேயே சான்றாகக் காட்டப்பட்டன. அவற்றைச் சோதிக்கத்தான் வைஸ்மன் வால்களை வெட்டினார். தேர்வில் எலி வாலை எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். லாமார்க் அதனால் வீழ்ந்தார் என்று நம்பிவிடக் கூடாது.

வலுவான மறுப்புகள்

மிகக் கூர்மையான எதிர்வாதத்தை டார்வினே எழுதியிருக்கிறார். அது எறும்பைப் பற்றியது. மாமரத்து இலைகளைச் சேர்த்துக் கூடு தைக்கும் முசுறு எறும்புகளை எண்ணிப் பாருங்கள். கூடு தைப்பதும் இரை சுமப்பதும் காவல் காப்பதும் வேலைக்கார எறும்புகள். அடுத்த தலைமுறை வேலைக்காரிகளை ஈனுவதோ ராணி. அது கூடு தைப்பதே இல்லை. வேலைக்கார எறும்பு எவ்வளவு உழைத்து எந்த உறுப்பை வலுப்படுத்தினாலும் அதைக் கொடுக்க அதற்கு வழித்தோன்றல் இல்லை. இருந்தும் அவற்றின் உடலும் திறமையும் தலைமுறை தோறும் தவறாமல் வருகின்றன. பழக்கம் மரபாகிறது என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

அதே டார்வின் பயன்பாட்டின் விளைவு மரபுவழி செல்லும் என்பதை முற்றிலும் விடவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வீட்டு வாத்தின் எலும்புகளையும் காட்டு வாத்தின் எலும்புகளையும் எடை போட்ட அவர், வீட்டு வாத்துக்கு இறக்கை எலும்பு இலேசாகவும் கால் எலும்பு கனமாகவும் இருப்பதற்குப் பறக்காமல் நடந்ததே காரணம் என்று எழுதினார். 1868இல், உடலின் எல்லாப் பகுதிகளும் நுண்துகள்களை வெளியிடுகின்றன, அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேர்ந்து குட்டிக்குச் செல்கின்றன என்ற ‘பான்ஜெனிசிஸ்’ கருத்தையும் முன்வைத்தார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன் வெவ்வேறு நிற முயல்களின் இரத்தத்தை மாற்றி ஏற்றிப் பார்த்தார். குட்டிகளின் நிறம் மாறவில்லை. லாமார்க் ஒருபுறம், டார்வின் மறுபுறம் என்று பாடநூல்கள் போடும் கோடு பிற்காலத்தில் வரையப்பட்டது.

அந்தக் கோட்டை வரைந்தவர் வைஸ்மன். ஆனால் வாலைக் கொண்டு அல்ல, செல்லைக் கொண்டு. பல விலங்குகளில் முட்டையாகவும் விந்தாகவும் மாறப்போகும் செல்கள் கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே மற்ற உடற்செல்களிலிருந்து பிரிந்துவிடுகின்றன. கொல்லரின் புயத்தில் சதை திரளலாம். அந்தச் செய்தி விந்துச் செல்லின் மரபுப் பொருளுக்குப் போய்ச் சேர வழி வேண்டுமே? அந்த வழி இல்லை என்றார் அவர். 1900இல் மெண்டலின் பட்டாணி ஆய்வுகள் மீண்டும் கண்டறியப்பட்டதும், பிறகு டி.என்.ஏ.வின் செயல்முறை தெரிந்ததும் இதற்கு வலுச் சேர்த்தன. டி.என்.ஏ.வில் உள்ள செய்தி புரதமாகிறது. புரதத்திலிருந்து செய்தி டி.என்.ஏ.வுக்குத் திரும்பி எழுதப்படுவதில்லை.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. பாக்டீரியாக்களைப் போன்ற ஒற்றைச் செல் உயிர்களுக்கு உடல் வேறு, விந்து வேறு என்ற பிரிவு இல்லை. அவை மருந்துக்கு எதிர்ப்பு பெறுவது மருந்தைச் சந்தித்த பிறகா, அதற்கு முன்பேயா? 1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் இணையர் இதற்கு ஒரு துண்டு வெல்வெட் துணியால் விடை கண்டனர். மருந்தே இல்லாத தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்தனர். கட்டையில் சுற்றிய வெல்வெட்டை அதன்மேல் ஒற்றி, முத்திரை குத்துவதுபோல் மருந்துள்ள பல தட்டுகளில் பதித்தனர். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில் மட்டுமே பாக்டீரியா வளர்ந்தது. பிறகு மருந்து படாத முதல் தட்டுக்குத் திரும்பி, அதே இடங்களிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்துத் தொடர்ந்து வளர்த்தபோது, எதிர்ப்புள்ளவை அங்கே முன்பே இருந்தது தெரிந்தது. அவை மருந்தைக் கண்டதே இல்லை. ஆகவே ‘பழகுவதற்கு’ வாய்ப்பே இல்லை.

ராஜபாளையம் நாய்

ராஜபாளையம் நாய் உயரமும் நீண்ட காலும் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட வேட்டை, காவல் நாய். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் இதுவும் ஒன்று. ஓடி ஓடித்தான் இதன் கால் நீண்டது என்று சொல்வது எளிது. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளில் ஒன்றைச் சங்கிலியில் கட்டி ஆலைக் காவலுக்கு வைத்து, மற்றொன்றைத் தோட்டத்தில் ஓட விட்டால், ஓடிய நாயின் தொடை முறுக்கேறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முறுக்கு அதன் குட்டிக்குப் பிறவியில் வராது. இனத்தை உருவாக்கியது ஓட்டம் அல்ல, எந்த நாயை எந்த நாயோடு சேர்ப்பது என்று வளர்ப்பவர் எடுத்த முடிவு.

இதற்கு இந்த நாயின் குறைபாடு ஒன்றே நல்ல சான்று. ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் தேவைப்படுகின்றன. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் உறுப்பு நலிந்துவிடும். வெள்ளைக் குட்டிக்கே மதிப்பு என்று தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தபோது, நிறச் செல்கள் குறைந்த நாய்களைத் தேர்ந்தெடுத்தோம். செவிட்டுத்தன்மை கூடவே வந்தது. காவல் நாய்க்குக் காது மிகவும் தேவை. அது நாள் முழுதும் பயன்படுத்தும் உறுப்பும் அதுவே. தேவையும் பயன்பாடும் உறுப்பை வளர்க்கும் என்பது சரியானால், இந்த நாய்க்குச் செவித்திறன் கூடியிருக்க வேண்டும். தேர்வு என்று பார்த்தால்தான் இது புரிகிறது. இதை அறிந்த வளர்ப்போர் கேட்கும் திறனைச் சோதித்த பிறகே இனப்பெருக்கத்துக்கு விடுகின்றனர்.

பருத்திக் காய்ப்புழு ‘பழகிய’ கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளுடன் வெளியான பருத்தி இரகங்கள் இந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் வரலாறு இவ்வட்டாரத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது.

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததால் செடியே புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும். 2006இல் இரண்டு புரதங்கள் கொண்ட இரகங்கள் வந்தன. ஆனால் ஒற்றைப் புரதப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்குவது குஜராத்தில் உறுதியானதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரட்டைப் புரதப் பருத்தியிலும் அதே நிலை வந்தது. ‘புழு பழகிவிட்டது’ என்பதே எங்கும் கேட்ட விளக்கம்.

பழகவில்லை. புரதத்தைத் தாங்கும் மரபணு மாற்றம் கொண்ட புழுக்கள் மிகச் சில, முன்பே இருந்தன. எடுத்துக்காட்டாக, ஆயிரம் மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தது என வைத்துக்கொள்வோம். இந்த எதிர்ப்பு ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் புழு பிழைக்கும். அப்படிப்பட்ட புழு பத்து இலட்சத்தில் ஒன்றாகவே இருக்கும். வயல் முழுவதும் பி.டி. பருத்தியாக இருந்தால் அந்த ஒன்றிரண்டு மட்டும் எஞ்சி, தம்முள் இணைந்து, முழுக்க எதிர்ப்புள்ள புழுக்களை ஈனும்.

இதைத் தடுக்கத்தான் ‘அடைக்கல வரிசை’ என்ற ஏற்பாடு. 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, பரப்பில் 20 விழுக்காடோ அதை விதைக்க வேண்டும் என்பது விதி. அந்த வரிசைகளில் சாதாரணப் புழுக்கள் சாகாமல் வளரும். பி.டி. செடியில் தப்பிய அரிய அந்துப்பூச்சி, பெரும்பாலும் இவற்றோடுதான் இணையும். பிறக்கும் புழுவுக்கு மாறிய பிரதி ஒன்றே இருக்கும், அது பி.டி. செடியைத் தின்றால் சாகும்.

லாமார்க்கியக் கண்ணோடு பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காசு கொடுத்து விதை வாங்கி, உழுது, உரமிட்டுப் புழுவை வளர்ப்பதா? புழு பழகுகிறது என்றால் செய்ய வேண்டியது மருந்தைக் கூட்டுவது அல்லவா? அந்தப் பொட்டலம் பல இடங்களில் விதைக்கப்படாமல் போனதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஏன் விதைக்க வேண்டும் என்பதை யாரும் புரியும்படி சொல்லாமல், பொட்டலத்தை மட்டும் கொடுத்தார்கள். வேறோர் இடர்ப்பாடும் உண்டு. அமெரிக்கக் காய்ப்புழு கடலை, துவரை, தக்காளி என்று பலவற்றைத் தின்பதால் அதற்கு இயற்கையாகவே அடைக்கலம் கிடைக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ பெரும்பாலும் பருத்தியை மட்டுமே நம்பியது. அதற்கு நாம் விட்டுவைத்தால்தான் அடைக்கலம். அமெரிக்காவின் அரிசோனாவில் அடைக்கலப் பரப்பை விடாமல் கடைப்பிடித்ததால் புழு எதிர்ப்புப் பெறாமலே இருந்தது. பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டனர். 2018இல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளிலிருந்து அந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய பரிந்துரைகளும் இதே அடிப்படையில் அமைந்தவை: பயிரைக் காலம் கடந்து நீட்டிக்காமல் முடிப்பது, பருத்திமாரை வயலிலோ களத்திலோ போட்டு வைக்காமல் அகற்றுவது, ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றுவது. எஞ்சும் புழுவின் எண்ணிக்கையைக் குறைப்பதே எல்லாவற்றின் நோக்கமும்.

விதையைப் பழக்குதல்

மானாவாரி நிலத்தில் சோளம், கம்பு விதைக்கும் முன் விதையைப் பொட்டாசிய உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைப்பது உண்டு. இதற்கு விதைக் கடினப்படுத்துதல் என்று பெயர். அந்த விதையில் முளைத்த பயிர் வறட்சியைச் சற்று நன்றாகத் தாங்கும். அதன் கதிரில் எடுத்த விதைக்கு அந்தத் திறன் இருக்காது. அடுத்த பருவத்தில் மீண்டும் ஊறவைக்க வேண்டும்.

சோவியத் ஒன்றியத்தில் திரோஃபிம் லைசென்கோ இதற்கு நேர்மாறாக, குளிரிலும் ஈரத்திலும் ‘பயிற்றுவித்த’ கோதுமையின் இயல்பு மரபாகிவிடும் என்று வாதிட்டார். ஸ்டாலின் ஆதரவுடன் 1948இல் அது அரசின் கொள்கையாகி, மரபியல் கற்பிப்பதே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பயிர் விதைகளைத் திரட்டிய நிக்கோலாய் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சிறையில் இறந்தார். லைசென்கோ விவகாரமே பிரித்தானிய மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் பொதுவுடைமைக் கட்சியிலிருந்து விலகியதற்கு முக்கியக் காரணம். அவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

லாமார்க் சொன்னதற்கு நெருங்கி வருபவை

ஈட்டிய பண்பு ஒருபோதும் மரபாவதில்லை என்று அடித்துச் சொல்வதும் இன்று சரியாகாது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறாமலேயே, அதன்மேல் ஒட்டும் வேதிக் குறிகளால் மரபணுக்கள் இயங்குவதும் அடங்குவதும் உண்டு. இதனை ஆராயும் துறை எபிஜெனெடிக்ஸ். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நிலவியது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஒரு வளர்ச்சி மரபணுவில் வேதிக் குறிகள் வேறுபட்டிருந்தன. ஆனால் பஞ்சம் அந்தக் கருவையே நேராகத் தொட்டது. இது பெற்றோர் ஈட்டியதைப் பிள்ளை பெற்றதாகாது. பாலூட்டிகளில் முட்டையும் விந்தும் உருவாகும்போது இக்குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. செடிகளிலும் சில புழுக்களிலும் இவை சில தலைமுறைகள் தொடர்கின்றன, பிறகு மங்குகின்றன. செய்தித்தாள்கள் இதை ‘லாமார்க் மீண்டார்’ என்று தலைப்பிடுவது மிகை.

லாமார்க்குக்கு மிக நெருங்கிய நிகழ்வு தயிரில் இருக்கிறது. ஆலைத் தயிரையும் பாலாடைக்கட்டியையும் உறையவைக்கப் பயன்படும் ஸ்டிரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவை வைரசுகள் தாக்குவதுண்டு. தப்பிய பாக்டீரியாக்கள் அந்த வைரசின் டி.என்.ஏ.விலிருந்து சிறு துண்டை வெட்டித் தம் டி.என்.ஏ.வில் சேர்த்து வைத்திருப்பதும், அதன்பின் அதே வைரசு அவற்றை வெல்ல முடியாமல் போவதும் 2007இல் நிறுவப்பட்டன. கிரிஸ்பர் எனப்படும் இந்த ஏற்பாட்டில், வாழ்நாளில் பெற்ற பாதுகாப்பு மரபுப் பொருளிலேயே எழுதப்பட்டு, பிரியும் ஒவ்வொரு செல்லுக்கும் செல்கிறது. முட்டை, விந்து என்று தனிச் செல்கள் இல்லாத உயிர் என்பதால் அது இயலுகிறது.